பட்டங்களும் பதக்கங்களும்

நாட்டிற்கு உழைத்தோரை வேந்தர் மதித்துச் சிறப்புச் செய்தல் தமிழருக்குப் புதியதொரு வழக்கமன்று. படைத்தலைமையிற் சிறந்தோனுக்கு 'ஏனாதி' என்னும் பட்டமும் அதனோடு ஒரு மோதிரமும், வணிகரிற் சிறந்தோனுக்கு 'எட்டி' என்னும் பட்டமும் அதனோடு ஒரு பொற்பூவும் பண்டைத் தமிழ் மன்னர் அளித்தனர். 'காவிதி' என்பதும் அத்தகைய ஒரு பட்டமே. பாணருக்குப் பொற்றாமரை சூட்டிய செய்தியைச் சங்கச் செய்யுட்கள் பல இடங்களிற் கூறும். சோழப் பேரரசர் காலத்துக் கல்வெட்டுக்களிலே 'மூவேந்தவேளான்', 'பிரமராயன்' முதலிய பட்டங்கள் மலிந்து கிடக்கின்றன. ஆடற்கலையில் வல்ல மகளிர் 'தலைக்கோலி' எனப் பட்டம் பெற்றனர்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். பட்டம் என்பது சொல். மோதிரமும் பூவும் அச்சொல்லுக்கு அடையாளம். பழங்காலத்திலே சொல் ஏட்டிலும் கல்லிலும் நிலைத்தது, அடையாளம் மறைந்தது. ஏனாதி மோதிரம் எத்தகையது என்று கையில் எடுத்துக் காட்ட எம்மால் இயலாது. ஆனால் கடந்த இருநூறு ஆண்டுகளைப் பொறுத்தமட்டில் நிலைமை தலைகீழாய் இருக்கிறது. எம் கிராமங்களிலே பழைய பெட்டகங்களுள் வெள்ளிப் பதக்கமொன்று கிடக்கும். அது யாருக்கு, எதற்காக, யாரால் வழங்கப்பட்டது என்று சொல்லுவார் இலர். அடையாளம் இருக்கிறது, சொல் போய்விட்டது. போன சொல்லை மீட்கும் முறை யாது என்பதையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பதக்கம் திரட்டும் கலை

நாணயம் திரட்டுவோரையும் தபால் முத்திரை சேர்ப்போரையும் மாணவருலகம் நன்கறியும். பதக்கங்களையும் விருதுச் சின்னங்களையும் திரட்டி, அவை எந்நாட்டின, எக்காலத்தன என்று ஆராயும் துறையும் ஒன்றுண்டு. உரோமப் போர்வீரர் தம் மார்பில் அணிந்த 'பலேரா' என்னும் வட்டத் தகடுகளின் பெயரைக் கொண்டே மேனாட்டார் அத்துறைக்குப் பெயரிட்டனர்.

இத்துறையிற் புகுவோன் முதலில் நான்கு வகைகளைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, ஆங்கிலத்தில் 'ஓடர்' எனப்படும் விருதுக்குழாம். இது ஆதியில் துறவு பூண்ட வீரர்களின் சபையாக ஐரோப்பாவில் தோன்றியது. பின்னர் அரசனைத் தலைவனாகவும், பல படிகளையும், தனக்கென விதிகளையும் உடைய கௌரவ சபையாக மாறிற்று. ஒருவர் அதில் அங்கத்தவராகச் சேர்க்கப்படுகிறார்; அவர் அணியும் சின்னம் அவருடைய அங்கத்துவத்தைக் காட்டுகிறது. இரண்டாவது, குறித்த ஒரு வீரச் செயலுக்காக வழங்கப்படும் வீரச்சின்னம். மூன்றாவது, போரில் பங்குபற்றியமைக்கோ முடிசூட்டு விழா போன்ற வைபவத்தின் ஞாபகார்த்தமாகவோ பலருக்கும் வழங்கப்படும் பதக்கம். நான்காவது பட்டம். பெயருக்கு முன்னால் நிற்கும் இப்பட்டத்துக்கு அடையாளப் பொருள் இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்நான்கையும் ஒன்றாகக் குழப்புவதனாலேயே குடும்ப வரலாறுகளிற் பிழைகள் பல புகுந்துவிடுகின்றன.

அந்நியர் ஆட்சியும் அணிகலன்களும்

ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆண்ட காலத்திலே, தமக்கு விசுவாசமாயிருந்த சுதேச தலைமைக்காரருக்குப் பொற்பதக்கமும் பொற்சங்கிலியும் பரிசளித்தனர். அவரைத் தொடர்ந்து வந்த ஆங்கிலேயரும் அவ்வழக்கத்தைக் கைவிட்டாரில்லை. முதலியார், வாசல் முதலியார், மகா முதலியார் என்பன முதலில் உத்தியோகப் பெயர்களாயிருந்து, காலப்போக்கிற் கௌரவப் பட்டங்களாகவும் வழங்கின. புராதன யாழ்ப்பாணம் பற்றி 1926ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலே பெருநூல் வெளியிட்ட செ. இராசநாயகம் அவர்களை இன்றும் 'முதலியார்' என்று சேர்த்தே சொல்லுகிறோம்.

ஆங்கிலேயர் 1795 செப்டெம்பரில் யாழ்ப்பாணக் கோட்டையையும் 1796 பெப்ரவரியிற் கொழும்பையும் கைப்பற்றினர். இவ்வெற்றியின் பொருட்டுக் கிழக்கிந்தியக் கம்பனியார் தமது வங்காளப் பீரங்கிப் படையைச் சேர்ந்த இந்திய வீரருக்கு ஒரு பதக்கம் அளித்தனர். பொன்னால் 2, வெள்ளியால் 121 மாத்திரமே ஆக்கப்பட்டன. அதன் ஒரு பக்கத்தில் இலங்கைத் தீவில் ஆற்றிய சேவையைக் குறிக்கும் ஆங்கில வாசகம் உண்டு. மறுபக்கத்திலே, வாசகம் பாரசீக மொழியிற் பொறிக்கப்பட்டுள்ளது. எங்கள் நாடு கைமாறிய கதையைச் சொல்லும் அப்பதக்கத்திலே தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. கொடுத்தவன் மொழியும் பெற்றவன் படையில் வழங்கிய மொழியும் உண்டு. வெல்லப்பட்டவன் மொழிக்கு அங்கே இடமில்லை. ஒரு வெள்ளித் தகடு இவ்வளவு வரலாற்றைப் பேசுமாயின், அதனை வெறும் அணிகலன் என்று தள்ளிவிடலாமோ?

சிறுப்பிட்டிப் பெரியாரின் பட்டம்

புத்தூருக்கு அயற்கிராமமாகிய சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். தெல்லிப்பழை மிஷன் பாடசாலையிலும் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் கற்று, 1857இற் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடியெடுத்து வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும், சூளாமணியை 1889இலும் அச்சேற்றினார். 1895இல் இந்திய அரசாங்கம் அவருக்கு 'இராவ் பகதூர்' என்னும் பட்டத்தை அளித்தது. 1901 சனவரி 1ஆம் திகதி அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இங்கேதான் பதக்கம் ஆராய்வோன் விழிப்பாயிருத்தல் வேண்டும். 'இராவ் பகதூர்' என்று பொறித்து, நட்சத்திர வடிவில், மேலே முடியும் நடுவே அரசர் தலையும் கொண்ட சின்னங்கள் இன்று திரட்டுவோரிடம் கிடைக்கின்றன. அத்தகைய ஒன்றை யாரேனும் கொணர்ந்து, "இது தாமோதரம்பிள்ளை அவர்கள் அணிந்தது" என்று கூறின், நாம் அதனை ஏற்கலாமா? ஏற்கலாகாது. அச்சின்னம் 1911 டிசெம்பரில், டில்லியில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் நடத்திய தர்பாரின்போதே ஏற்படுத்தப்பட்டது. திவான் பகதூர் முதலியோருக்கு முதல் வகுப்பு. இராவ் பகதூர், இராய் பகதூர், கான் பகதூர் ஆகியோருக்கு இரண்டாம் வகுப்பு. இராவ் சாகிப் முதலியோருக்கு மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பின் நாடா சிவப்பு. அதன் இரு கரைகளும் கடுஞ்சிவப்பு. பிள்ளையவர்கள் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின்னர் தோன்றிய சின்னத்தை அவர் அணிந்திருத்தல் எங்ஙனம் கூடும்?

அப்படியாயின் அவர் பட்டத்துக்குச் சான்று எங்கே கிடைக்கும்? பட்டம் அளித்தமைக்கான சனது என்னும் பத்திரமே அதற்குத் தலையாய சான்று. அரசாங்க வர்த்தமானியும் ஒரு சான்று. அவர் பதிப்பித்த நூல்களின் முகப்பேடும் எமக்கு உதவும். 1895க்கு முன் வெளிவந்த பதிப்பொன்றில் அப்பட்டம் காணப்படுமாயின், அம்முகப்பேடு பின்னர் அச்சிட்டுச் சேர்க்கப்பட்டதோ என்று ஐயுறல் வேண்டும். ஆண்டு என்னும் ஒரே அளவுகோல் பதக்கத்தையும் பத்திரத்தையும் புத்தகத்தையும் ஒருங்கே அளந்துவிடுகிறது.

'சேர்' பட்டம் இருவகை

எம்மவர் 'சேர்' என்று அழைத்த பெரியோர் யாவரும் ஒரே வகையினர் என்று பலர் எண்ணுகின்றனர். விருதுக்குழாம் ஒன்றிற் சேர்க்கப்பட்டதனால் 'சேர்' ஆனோர் ஒரு சாரார். எக்குழாமும் சாராது அரசரால் 'சேர்' ஆக்கப்பட்டோர் மற்றொரு சாரார். 1874இற் பட்டம் பெற்று 1879இல் மறைந்த சேர் முத்துக்குமாரசுவாமியும், 1924 சனவரியில் மறைந்த சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவர். குழாம் சாராத 'சேர்'களுக்கென ஒரு சின்னம் 1926ஆம் ஆண்டிலேதான் ஏற்பட்டது. ஆகவே இவ்விருவருக்கும் பட்டம் இருந்தது, சின்னம் இருக்கவில்லை. 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையின் சபாநாயகராக விளங்கிய சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி போன்று, பிற்காலத்தில் இப்பட்டம் பெற்றோருக்கே அச்சின்னம் உரியது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களோ முதற் சாராரைச் சேர்ந்தவர். 1818இல், மால்ற்றா, அயோனியத் தீவுகள் ஆகியவற்றின் பொருட்டு நிறுவப்பட்டுப் பின்னர் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் விரிந்த 'சென் மைக்கேல், சென் ஜோர்ஜ்' குழாத்தில் 1889இல் அவர் மூன்றாம் படியிற் சேர்க்கப்பட்டார். 1921இல் இரண்டாம் படிக்கு உயர்ந்து 'சேர்' ஆனார். இக்குழாத்தின் சின்னத்துக்கு ஏழு கரங்களும் பதினான்கு முனைகளும் உண்டு. நாடா நீலம், சிவப்பு, நீலம் என மூன்று சம பட்டிகளாய் அமைந்தது. மூன்றாம் படியினருக்கு மார்பு நட்சத்திரம் இல்லை. இரண்டாம் படியினருக்கு உண்டு. ஆதலால் இக்குழாத்தின் நட்சத்திரம் மார்பில் துலங்க எடுக்கப்பட்ட இராமநாதன் அவர்களின் படம் ஒன்று கிடைப்பின், அது 1921க்குப் பிற்பட்டது என்று துணியலாம். திகதியற்ற புகைப்படத்துக்கும் ஒரு திகதி கிடைத்துவிடுகிறதன்றோ!

அச்சின்னத்தின் ஒரு பக்கத்திலே சாத்தானை மிதித்து நிற்கும் மைக்கேல் தேவதூதரும், மறுபக்கத்திலே குதிரைமீது அமர்ந்து பறவைநாகத்தைக் கொல்லும் ஜோர்ஜ் என்னும் அர்ச்சியசிட்டரும் உளர். சைவத்தின் தூணாக விளங்கிய ஒருவர் மார்பில் கிறிஸ்தவ அர்ச்சியசிட்டரின் உருவம் தொங்கியது என்பது சிந்தனைக்குரியது. இந்துக்களும் முஸ்லிம்களும் நிறைந்த இந்தியாவுக்கென 1861இல் 'இந்திய நட்சத்திரம்' என்னும் குழாத்தை நிறுவியபோது, அதன் சின்னத்துக்குச் சிலுவையை விடுத்து நட்சத்திரத்தையே வடிவமாகக் கொண்டனர். இலங்கையருக்கு வழங்கிய குழாத்தில் அத்தகைய மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. மிஷன் பாடசாலையிற் கற்ற எம்போன்றோருக்கு இவ்வுருவங்கள் புதியனவல்ல. ஆயினும் எம்மதத்தாரையும் தன் அடையாளத்தை அணியச் செய்யும் ஆற்றல் ஆட்சிக்கு உண்டு என்பதை அச்சின்னம் காட்டுகிறது. அவர் 'சேர்' ஆன அதே 1921ஆம் ஆண்டில் அவரால் நிறுவப்பட்டது பரமேசுவரக் கல்லூரி. அக்கல்லூரி நின்ற திருநெல்வேலி வளவிலேயே இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் விளங்குகிறது. அரசர் அவருக்கு அளித்தது எது, அவர் எமக்கு அளித்தது எது என்பதை ஒப்பிட்டு அறிவோமாக.

இனங்காணும் முறை

கையிற் கிடைத்த பதக்கத்தை எவ்வாறு இனங்காண்பது? ஐந்து இடங்களை முறையாக நோக்குதல் வேண்டும்.

முதலாவது முகப்பு. அதில் உள்ள அரசரின் தலையும் சுற்றெழுத்தும் காலத்தைச் சொல்லும். பிரித்தானிய அரசர் 'இந்தியச் சக்கரவர்த்தி' என்னும் பட்டத்தை 1948இற் கைவிட்டனர். ஆகவே அப்பட்டத்தைக் குறிக்கும் இலத்தீன் எழுத்துக்கள் காணப்படின், அவ்வெழுத்தமைப்பு அதற்கு முற்பட்டது.

இரண்டாவது பின்புறம். 1935இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் வெள்ளிவிழாப் பதக்கம் 85,234 பேருக்கும், 1937இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டுப் பதக்கம் 90,279 பேருக்கும் சாம்ராச்சியம் எங்கும் வழங்கப்பட்டன. இரண்டும் வெள்ளி, இரண்டும் ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் குறுக்களவின, இரண்டின் முகப்பிலும் அரசரும் அரசியும் சேர்ந்தே உளர். பின்புறத்திலுள்ள திகதியே இவற்றை ஐயமறப் பிரித்துக் காட்டும்.

மூன்றாவது நாடா. 1935ஆம் ஆண்டுப் பதக்கத்துக்குக் கரைகளில் நீலமும் வெள்ளையும் ஓடிய சிவப்பு நாடா. 1937ஆம் ஆண்டுப் பதக்கத்துக்குக் கரைகளில் வெள்ளையும் சிவப்பும் ஓடிய நீல நாடா. 1917இல் ஏற்பட்ட 'பிரித்தானிய சாம்ராச்சிய' விருதுக்குழாத்தின் சின்னங்கள் இந்தச் சோதனைக்கு மிகச் சிறந்த உதாரணம். 1937 வரை அதன் நாடா ஊதா நிறம். சின்னத்தின் நடுவே பிரித்தானியா தேவியின் உருவம். அதன்பின் நாடா, சாம்பல்நிறக் கரையுடைய இளஞ்சிவப்பாயிற்று. நடுவே ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் மேரி அரசியும் இடம்பெற்றனர். ஆனால் நாடா நைந்துபோகும். வேறொன்றை மாற்றிக் கோத்திருக்கவும் கூடும். எனவே நாடாவை மாத்திரம் நம்பி முடிவு செய்தல் ஆகாது.

நான்காவது விளிம்பு. முதலாம் உலக யுத்தத்திற் பணிபுரிந்தோருக்கு வழங்கிய பிரித்தானிய யுத்தப் பதக்கத்தின் விளிம்பிலே, பெற்றவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ஆயின் மேற்கூறிய 1935, 1937ஆம் ஆண்டுப் பதக்கங்கள் பெயரின்றியே வழங்கப்பட்டன. சாம்ராச்சிய விருதுக்குழாத்தின் சின்னங்களிலும் பொதுவாகப் பெயர் இராது.

ஐந்தாவது பத்திரம். பெயரற்ற பதக்கத்துக்குப் பெயர் கொடுப்பது அதனோடு வந்த தாளே. சனது, அத்தாட்சிப் பத்திரம், வர்த்தமானி அறிவித்தல், பெயர் அச்சிட்ட பெட்டி ஆகியவற்றுள் ஒன்றாயினும் இல்லையெனின், வெள்ளிவிழாப் பதக்கம் எண்பத்தையாயிரத்தில் ஒன்று, அவ்வளவே. தாள் கூட இருக்குமாயின் அது ஓர் ஊரின் கதை. எம்மில் அநேகர் வெள்ளியைப் பூட்டி வைத்துத் தாளைக் கறையானுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

சுதந்திர நாடுகளின் விருதுகள்

அந்நிய ஆட்சி நீங்கியபின் பட்டங்கள் என்னவாயின? பட்டம் வேண்டாம் என்று இந்திய அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை விதித்தது. ஆயினும் தொண்டைப் பாராட்டும் முறையொன்று வேண்டும் என்று கருதி 1954இற் பாரத இரத்தினா விருது நிறுவப்பட்டது. முதன்முதல் அதனைப் பெற்ற மூவர் இராஜகோபாலாச்சாரியார், இராதாகிருஷ்ணன், சந்திரசேகர வெங்கட இராமன் ஆகியோர். மூவரும் தமிழ்நாட்டோடு தொடர்புடையோர். முதலில் வட்ட வடிவான பொற்பதக்கமாகத் திட்டமிடப்பட்ட அவ்விருது, அடுத்த ஆண்டிலேயே அரசிலை வடிவுக்கு மாற்றப்பட்டது. சிலுவைக்கும் முடிக்கும் பதிலாக எம்மண்ணின் மரத்து இலையொன்று விருதின் வடிவாகியமை மகிழ்ச்சிக்குரியதே. இவ்விருதுகள் பட்டங்களல்ல, பெயருக்கு முன்னும் பின்னும் அவற்றைச் சேர்த்து வழங்கலாகாது என்று இந்திய உயர்நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது.

இலங்கையிலே சுதந்திரத்தின் பின்னும் சில ஆண்டுகள் பிரித்தானிய விருதுகளே வழங்கின. 1956இற் பதவியேற்ற பண்டாரநாயக்க அரசாங்கம் அவ்வழக்கத்தை நிறுத்தியது. 1986இல் இலங்கையின் தேசிய விருதுகள் ஒழுங்குபடுத்தப்பட்டன. ஸ்ரீலங்காபிமான்ய என்பது அவற்றுள் உயர்ந்தது. ஏககாலத்தில் உயிரோடிருப்போர் ஐவர் மாத்திரமே அதனைத் தாங்கலாம். தேசமான்ய, தேசபந்து என்பன அதன் கீழ் அமைந்தவை. விஞ்ஞானத்துக்கு வித்யாஜோதி, கலைக்குக் கலாகீர்த்தி. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 2005இலும், திரைப்பட நெறியாளர் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 2007இலும் ஸ்ரீலங்காபிமான்ய விருதைப் பெற்றனர்.

திருப்பிக் கொடுத்த பதக்கங்கள்

பெற்றதைப் போலவே, திருப்பிக் கொடுத்ததும் வரலாறாகும். மதுரையிற் பிறந்து சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய மணி ஐயர் என்னும் சேர் எஸ். சுப்பிரமணிய ஐயர், 1918இல் தம் பட்டங்களைத் துறந்தார். பஞ்சாபிலே நடந்த படுகொலையைக் கண்டித்து 1919இல் இரவீந்திரநாத தாகூர் தமது 'சேர்' பட்டத்தை விட்டார். 1915இற் பெற்ற கைசர்-இ-ஹிந்த் பொற்பதக்கத்தையும், தென்னாபிரிக்காவிற் காயமுற்றோருக்குத் தொண்டு செய்து பெற்ற போர்ப்பதக்கங்களையும் காந்தியடிகள் 1920 ஆகஸ்ற் மாதத்தில் அரசாங்கத்துக்குத் திருப்பி அனுப்பினார். ஒருவர் மார்பிலே பதக்கம் இல்லாமையும் சில வேளைகளில் அவருடைய பெருமைக்குச் சான்றாகும். இதனை உணர்ந்தோர், பதக்கம் பெற்றவரெல்லாம் அடிமைகள் என்றோ, பெறாதவரெல்லாம் சிறியர் என்றோ அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறமாட்டார்.

எம் கடமை

"அந்நியன் கொடுத்த தகட்டைக் காப்பதால் எமக்கென்ன பயன்?" என்று சிலர் வினவலாம். 1981ஆம் ஆண்டு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகமும், அதிலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும், ஈடுசெய்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊர்களை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். அவ்விரவில் மடியிற் கட்டிச் செல்லக்கூடியது சிறு நகை; பெட்டகத்து அடியிலிருந்த பழந்தாள்களை யார் நினைத்திருப்பர்? இவ்வாறு பொதுச் சான்றுகளும் வீட்டுச் சான்றுகளும் சிதைந்த ஒரு சமுதாயத்துக்கு, எஞ்சிய ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு தாளும் வரலாற்று ஆதாரமே. கொடுத்தவன் யாராயினும், பெற்றவர் எம்மூரவர்.

ஆதலின் இளைஞராகிய நாம் செய்யத்தக்க காரியங்கள் சில உள. பழைய பதக்கத்தைப் புளி கொண்டு துலக்கலாகாது. தேய்த்தால் எழுத்தும் தேயும். பெயரற்ற பதக்கத்தில் புதிதாகப் பெயர் வெட்டுவித்தல் வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். ஒருவருக்குரிய பதக்கங்கள் பலவாயின் அவற்றைப் பிள்ளைகளுக்குள் ஆளுக்கொன்றாய்ப் பங்கிடாது ஒருங்கே வைத்தல் நன்று. பிரிந்தால் ஒன்றற்கொன்று சாட்சி சொல்லும் தன்மை போய்விடும். முகப்பு, பின்புறம், விளிம்பு, நாடா, பத்திரம் ஆகிய ஐந்தையும் படம் பிடித்து, வீட்டு முதியோர் சொல்லும் செய்தியை அவர் சொன்னவாறே திகதியிட்டு எழுதி வைத்தல் வேண்டும். எங்கள் மன்றங்கள் ஊர்தோறும் ஒருநாட் காட்சி நடத்தி, பொருள்களை உரியவரிடமே விட்டு, விபரங்களை மாத்திரம் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். இதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. ஒரு பேரேடும் பொறுமையும் போதும்.

நல்லூரிலே தோன்றிய ஆறுமுகம் என்பாருக்குத் திருவாவடுதுறை ஆதீனம் 1849இல் அளித்த 'நாவலர்' என்னும் பட்டத்துடன் நாடாவில் தொங்கும் பதக்கம் எதுவும் வந்ததில்லை. எனினும் அச்சொல் அவருடைய இயற்பெயரையே மறைத்து நிற்கிறது. மக்கள் நாவில் நிலைபெற்ற பட்டத்துக்கு உலோகம் வேண்டாம். அத்தகைய பேறு எல்லோருக்கும் வாய்ப்பதன்று. ஊருக்கு உழைத்து ஒரு சிறு வெள்ளித் தகட்டை மாத்திரம் விட்டுச்சென்ற எத்தனையோ பேருக்கு, அத்தகட்டை வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவ்வாசகராக எம்மூர் இளைஞர் ஒவ்வொருவரும் முன்வருவாராக.